திருப்பூர் வாக்காளர் பட்டியல்: அதிகாரமும் பொறுப்பும்

2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழக வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாக இறங்கியது. நீங்கிய பெயர்கள் 97 லட்சத்துக்கும் மேல். திருப்பூர் மாவட்டத்தில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். முன்பு பட்டியலில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். மாநிலம் முழுவதற்கும் தேர்தல் ஆணையம் சொன்ன காரணக் கணக்கில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துச் சொச்சம். சுமார் 66 லட்சம் பேருக்கு எழுதப்பட்ட காரணம் ஒன்றே: வேறிடம் போனவர் அல்லது முகவரியில் இல்லாதவர். ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் உழைப்பில் ஓடும் பனியன் நகரத்தை இந்தக் காரணம் எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த வரைவைத் தந்த சிறப்புத் தீவிரத் திருத்தம் பற்றிய வாதம் தொடக்கத்திலிருந்தே அதிகாரம் யாருக்கு என்ற இடத்தில் நின்றுவிட்டது. 2025 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம் உச்ச நீதிமன்றம் போவதென்று முடிவெடுத்தது. திமுக மறுநாளே வழக்குத் தொடுத்தது. தமிழகத்தின் ஆட்சியை முடிவு செய்யப்போகிற பட்டியலை டெல்லியில் இருக்கும் அமைப்பு மாநிலத்தைக் கேட்காமல் புதிதாக எழுதலாமா என்பது ஒரு தரப்பு. செத்தவர் பெயரையும் இரட்டைப் பெயரையும் வைத்துக்கொண்டு தேர்தல் நடத்த முடியாது, ஆணையம் அரசமைப்பு தந்த வேலையைச் செய்கிறது, மாநில ஆளுங்கட்சிக்கு இதில் என்ன வேலை என்பது அதிமுக உள்ளிட்ட மறு தரப்பு. திருப்பூரின் அனுபவத்தை வைத்து நிறுத்துப் பார்த்தால் இரண்டு தரப்புமே பாதி வழியில் தங்கிவிடுகின்றன.

முதலில் சட்டம். நாடாளுமன்றத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல் இரண்டுக்கும் பட்டியல் தயாரிப்பதையும் தேர்தல் நடத்துவதையும் மேற்பார்வையிட்டு நெறிப்படுத்தும் அதிகாரத்தை அரசமைப்பின் 324 ஆம் பிரிவு இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குத் தருகிறது. விதிகள் இயற்றும் அதிகாரம் 327 ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. நாடாளுமன்றம் கை வைக்காத இடத்தில் மட்டும் மாநிலச் சட்டமன்றம் எழுதிக்கொள்ளலாம் என்கிறது 328. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் 1950, 1951 இல் வந்த பிறகு அப்படி மிஞ்சிய இடம் மிகச் சொற்பம். மாநிலத்துக்கென்று முழுதாக இருப்பது உள்ளாட்சித் தேர்தல்தான். 73, 74 ஆவது திருத்தங்கள் அதை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்தன. ஆகவே பட்டியலைத் திருத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டால் உண்டு என்பதே பதில். மாநில உரிமை பேசுகிறவர்கள் இதை மறுத்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த அதிகாரம் ஏன் மையத்துக்குப் போனது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. அரசியல் நிர்ணய சபையின் முதல் வரைவில் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கு ஓர் ஆணையம், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆளுநர் நியமிக்கும் தனி ஆணையம். 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அந்த வரைவை மாற்றி எல்லாத் தேர்தலுக்கும் ஒரே ஆணையம் என்று கொண்டுவந்தார். இது பெரிய மாற்றம்தான் என்பதை ஒப்புக்கொண்டே காரணமும் சொன்னார். சில மாகாண அரசுகள் இனத்தாலும் பண்பாட்டாலும் மொழியாலும் தங்களைச் சேராதவர்களை வாக்காளர் பட்டியலில் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பதாக வரைவுக் குழுவுக்கும் மத்திய அரசுக்கும் தகவல் வந்திருந்தது. வாக்குரிமை ஜனநாயகத்தின் மிக அடிப்படையான விஷயம், அதை மாகாண அரசின் தயவில் விட முடியாது என்பது அவருடைய நிலை. மையத்துக்கு அதிகாரம் கொடுத்ததன் நோக்கம் இதுதான்: வேற்று மொழி பேசி, வேற்றூரிலிருந்து வந்து, உள்ளூர்ப் பெரும்பான்மையின் கண்ணில் அந்நியராகத் தெரிகிறவர் பட்டியலுக்கு வெளியே தள்ளப்படக் கூடாது.

அந்த மனிதர் இன்று திருப்பூரில் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது. கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எந்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இவர்கள் இரண்டாம் தலைமுறையையும் இங்கேயே வளர்த்துவிட்டார்கள்.

இவர்களில் வடமாநிலத்தவர் விஷயத்தில் மாநில அரசியல் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அம்பேத்கரின் அச்சம் 1949 ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊருக்குக் கிளம்பும் கூட்டம் பெருகியபோது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உதவி எண் திறந்து, கம்பெனி கம்பெனியாகப் போய்த் தைரியம் சொன்னார்கள். அது தமிழக அரசு நன்றாகச் செய்த காரியம். ஆனால் 2025 ஆகஸ்டில் பீகாரைச் சேர்ந்த ஆறரை லட்சம் பேர் தமிழகப் பட்டியலில் சேர்க்கப்படப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் பேச்சு மாறியது. ப. சிதம்பரம் போன்ற மூத்த சட்ட அறிஞரே, தமிழக மக்கள் தங்கள் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் இது தலையிடுவதாகும் என்று எழுதினார். தமிழகத்தில் திருத்தமே தொடங்காத நிலையில் அந்தச் செய்தி தவறு என்று ஆணையம் மறுத்தது. செய்தி தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டு ஆண்டு, பத்து ஆண்டு இங்கே தைத்து, இங்கே வாடகை கட்டி, பிள்ளையை இங்கே மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்புகிற ஒருவர் இங்கே ஓட்டுக் கேட்டால் அது யாருடைய உரிமையில் தலையீடு? 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு, தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்கும் குடிமகன் எவரும் பதிவு செய்யலாம் என்கிறது. தாய்மொழி எது என்று அது கேட்கவில்லை. பட்டியல் முழுக்க மாநில அரசின் கையில் இருந்திருந்தால், அந்த ஆகஸ்ட் மாதத்துப் பேச்சு ஒரு சுற்றறிக்கையாக மாறுவதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்ற கேள்வியை நான் லேசாக ஒதுக்கமாட்டேன்.

மாநிலத்தின் கையில் தேர்தல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம்கூடத் தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தல் சரித்திரமே போதும். தமிழகத்தில் 1986 க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996 இல்தான் வந்தது. அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக் கெடுவைக் கட்டாயமாக்கிய பின்பும் நிலைமை முழுதாக மாறவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, அறிவிக்கையில் இருந்த குறைகளைக் காட்டி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து ஆறு மாதத்தில் நடத்தியிருக்கலாம். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பருக்கும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 க்கும் போயிற்று. திருப்பூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலர் கிடையாது. குடிதண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும், சாக்கடை அடைத்தாலும், பாறைக்குழியில் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினாலும் மனு கொடுக்கத் தனி அலுவலர் ஒருவர்தான் இருந்தார். தொகுதி வரையறையைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 இலேயே சொல்லியாகிவிட்டது. அப்படியிருந்தும், 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்தபோது, திருப்பூர் மாவட்டம் உட்பட அங்கெல்லாம் குறித்த நேரத்தில் தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். முந்தைய தாமதம் அதிமுக ஆட்சியில் தொடங்கியது, பிந்தையது திமுக ஆட்சியில். கட்சியை மாற்றிப் போட்டாலும் பழக்கம் மாறவில்லை.

அமெரிக்க அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. அங்கே தேர்தலின் நேரம், இடம், முறை எல்லாவற்றையும் முதலில் மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டார்கள். தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று ஒவ்வொரு தடையாகப் போட்டுக் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1964 ஆம் ஆண்டின் 24 ஆவது திருத்தமும் 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் கூட்டாட்சி மையத்திலிருந்து வந்த பிறகே கதவு திறந்தது. ஒரு மாநிலத்துக்குள் சிறுபான்மையாக இருப்பவருக்கு அந்த மாநிலத்துக்கு வெளியே ஒரு காவல் வேண்டும் என்ற வாதத்தை இதுவரை யாரும் வலுவாக மறுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கொள்கை அளவில் தராசு ஆணையத்தின் பக்கம் சாய்கிறது. இனி, கையில் இருந்த அதிகாரத்தை ஆணையம் திருப்பூரில் எப்படிப் பயன்படுத்தியது என்று பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பு 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 4 வரை என்று முதலில் சொல்லி, பிறகு நீட்டி, தமிழகத்துக்கு டிசம்பர் 14 இல் முடித்தார்கள். அந்த நவம்பர் தொடக்கம் திருப்பூரில் எப்படி இருக்கும் என்பது இங்கே ஒரு வருடம் இருந்தவருக்கும் தெரியும். அக்டோபர் 20 தீபாவளி. போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே திரும்புவார்கள். வடக்கத்தியவர்களுக்கு அதை ஒட்டிச் சத் பூஜை. அந்த ஆண்டு அதற்கு மேல் பீகார் சட்டமன்றத் தேர்தலும் நவம்பர் 6, 11 தேதிகளில் நடந்தது. தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போனவர் தேர்தல் முடித்துத்தான் வருவார். திருப்பூரில் வீடு வீடாகப் படிவம் கொடுக்கத் தொடங்கிய அதே வாரத்தில், திருப்பூரின் ஒரு பகுதி ஊரிலேயே இல்லை.

இருந்தவர்களும் வீட்டில் இல்லை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது. ஆர்டர் அனுப்பும் அவசரம் என்றால் நேரமே கிடையாது. படிவக்கட்டைத் தூக்கிக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போகும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர், அல்லது பள்ளி ஆசிரியர். வரிசையாகப் பத்துக் கதவு, எட்டில் பூட்டு. “மூணாம் நம்பர்ல ஆருமில்லீங்களா?” என்று கேட்டால் வீட்டுக்கார அம்மா, “இருக்கறாங்க கண்ணு, நைட்டுத்தான் வருவாங்க. அதுக்கு அடுத்த ரூம்ல இருந்தவிங்க தீவாளிக்குப் போனவிங்க, வருவாங்களோ என்னமோ” என்பார். இந்த ‘என்னமோ’ என்ற ஒரு சொல் போதும், படிவத்தில் ‘முகவரியில் இல்லை’ என்று விழுவதற்கு. மூன்று முறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. மூன்று முறையும் பகலில் போனால் மூன்று முறையும் அதே பூட்டுத்தான்.

படிவமே கையில் கிடைத்தவருக்கு அடுத்த சிக்கல். தமிழகத்தில் இதற்கு முன் தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005 ஆம் ஆண்டுப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த தொகுதி எண், பாகம் எண், வரிசை எண்ணை எழுத வேண்டும். 2002 இல் திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு என்று தொகுதிகளே கிடையாது. 2008 ஆம் ஆண்டுத் தொகுதி வரையறைக்கு முன் திருப்பூர் ஒரே சட்டமன்றத் தொகுதி, பக்கத்தில் பொங்கலூர் என்றொரு தொகுதி இருந்து மறைந்தது. அன்று பத்து வயதில் ஆண்டிபட்டிப் பக்கம் இருந்த ஒரு பெண், கல்யாணமாகித் திருப்பூர் வந்து ஓவர்லாக் தைக்கிறார் என்றால், தன் அப்பா 2002 இல் எந்தத் தொகுதியில் எந்தப் பாகத்தில் இருந்தார் என்பதைப் பெரியகுளமா, ஆண்டிபட்டியா, தேனியா என்று செல்போனில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒடிசாக்காரர் தன் மாநிலத்துப் பழைய பட்டியலை வேறொரு எழுத்தில் தேட வேண்டும். தேடித் தர யாராவது உதவ முன்வந்தாலும் அதற்காக அரை ஷிப்ட் கூலியை விட வேண்டியிருக்கும்.

ஆணையத்தின் தரப்பு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறந்தவர் பெயர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் கிடந்தது உண்மை. ஒரே ஆள் சொந்த ஊரிலும் திருப்பூரிலும் இரண்டு ஓட்டு வைத்திருந்ததும் உண்மை. 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் அடியிலிருந்து துலக்காத பட்டியலை ஒருமுறை துலக்குவது தவறில்லை. வரைவு வந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் தந்தார்கள். புதிய வாக்காளருக்கான படிவம் 6 கொடுத்து ஏராளமானோர் திரும்பிச் சேர்ந்து, 2026 பிப்ரவரி இறுதிப் பட்டியலில் மாநில எண்ணிக்கை 5.67 கோடியாக ஏறியது.

என் பார்வையில் ஆணையத்துக்கு எதிரான வலுவான சான்றும் அந்த ஏற்றமே. சில வாரங்களில் இத்தனை லட்சம் பேர் தகுதி உள்ளவர்களாகப் பட்டியலுக்குள் வர முடிந்தது. அவர்களில் புதிதாகப் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் போக மற்றவர்கள் முதல் சுற்றில் ஏன் வெளியே நின்றார்கள்? வழக்கமான நடைமுறையில், வசிப்பிடம் மாறிவிட்டார் என்ற காரணத்தால் ஒருவர் பெயரை எடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு சொல்கிறது. முன்பே பட்டியலில் இருப்பவரைக் குடிமகன் என்றே கொள்ள வேண்டும், சந்தேகம் இருந்தால் முறையான விசாரணை வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. தீவிரத் திருத்தத்திலோ பழைய பட்டியலிலிருந்து யாரையும் ‘நீக்கவில்லை’. புதிய வரைவில் படிவம் தராதவர் பெயர் ‘சேரவில்லை’, அவ்வளவே என்று ஆகிவிட்டது. நீக்கம் என்றால் நோட்டீசும் விசாரணையும் வேண்டும். சேராமல் போனதற்கு ஒன்றும் வேண்டாம். பத்து ஆண்டு ஓட்டுப் போட்டவர் புதிய வாக்காளருக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பெயரைக் காப்பாற்றும் கடமை அரசிடமிருந்து தொழிலாளியின் தோளுக்கு மாறிய இடம் இதுதான். திருத்தத்தின் மையமான குற்றமும் இதுதான். பீகாரில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே இந்த முறையின் போக்கைக் காட்டிவிடும்.

‘தக்கது என்று கருதும் முறையில்’ சிறப்புத் திருத்தம் செய்யலாம் என்று 21 ஆம் பிரிவு ஆணையத்துக்கு இடம் தருகிறது என்பார்கள். தருகிறது. ஆனால் ஆணையத்தின் அதிகாரம் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்புவதற்கு, சட்டம் பேசியிருக்கும் இடத்தை மீறுவதற்கு இல்லை என்று மொகிந்தர் சிங் கில் வழக்கிலிருந்து நீதிமன்றம் சொல்லிவருகிறது. பக்கத்துக் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 1982 இல் ஐம்பது வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் வைத்து ஆணையம் தேர்தல் நடத்தியது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984 இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதன் பிறகே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நல்ல நோக்கத்தோடு செய்த காரியத்துக்கே அந்த அளவுகோல் என்றால், லட்சக்கணக்கானோர் வாக்குரிமையைத் தொடுகிற காரியத்துக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தவர்கள் இதைவிடப் பெரிய இடப்பெயர்வை எதிர்கொண்டார்கள். பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளிடம் வசிப்பிடச் சான்று கேட்டால் யாரிடமும் இருக்காது. இந்த ஊரில் நிரந்தரமாகக் குடியிருக்க எண்ணுகிறேன் என்ற உறுதிமொழி ஒன்றே போதும் என்று 1948 இல் முடிவெடுத்தார்கள். வரலாற்றாய்வாளர் ஆர்னிட் ஷானி அந்தக் கோப்புகளை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அரசமைப்பே முழுமையாகாத காலத்தில் அந்த நிர்வாகம் மக்களை நம்பியது.

இதில் நாடாளுமன்றத்தின் பங்கும் நிறுக்கப்பட வேண்டும். வழக்கமாக விவாதத்தில் அது தப்பிவிடுகிறது. வழக்கமாகக் குடியிருப்பவர் யார் என்பதை 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு வரையறுக்கிறது. ராணுவத்தினருக்கு அதில் விலக்கு உண்டு. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியருக்காக 2010 இல் 20ஏ பிரிவையே புதிதாகச் சேர்த்தார்கள். பாஸ்போர்ட் முகவரியில் அவர் வாக்காளர் ஆகலாம். காஷ்மீரிலிருந்து பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் தனி வாக்குச்சாவடி உண்டு. நாட்டுக்குள்ளேயே வேலைக்குப் பெயர்ந்த தொழிலாளிக்கு மட்டும் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. நாடாளுமன்றத்துக்கு வேகமாகச் சட்டம் மாற்றத் தெரியாது என்பதில்லை. பக்கத்திலேயே மொடக்குறிச்சியில் 1996 இல் விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட 1,033 பேராக வேட்புமனுப் போட்டு நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. மொடக்குறிச்சி போன்ற அனுபவங்களுக்குப் பிறகு அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. எளியவர் போட்டியிடுவதைக் கடினமாக்க ஓர் ஆண்டு தேவைப்படவில்லை. எளியவர் ஓட்டுப் போடுவதை எளிதாக்க எழுபத்தைந்து ஆண்டு போதவில்லை.

ஒருமுறை ஆணையமே வழி தேடியது. 2022 டிசம்பர் இறுதியில், 72 தொகுதிகள் வரை ஒரே இயந்திரத்தில் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. அது வந்திருந்தால் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருப்பவர் பாகல்பூருக்கோ போடிக்கோ இங்கிருந்தே வாக்களித்திருக்கலாம். திமுக உட்பட எதிர்க்கட்சிகள் மறுத்தன. முகவர் இல்லாத ஊரில் வாக்குப்பதிவை யார் கண்காணிப்பது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆனால் மறுத்தவர்கள் மாற்றுத் திட்டம் எதையும் வைக்கவில்லை. தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்று 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. ஒரு நாள் விடுமுறையில் தேனி போய் வரலாம். பாட்னா போய் வர முடியாது.

மாநில அரசுக்கு இந்தத் திருத்தத்தில் பங்கே இல்லை என்ற பேச்சும் சரியில்லை. படிவம் கொடுத்தவர்கள் மாநில ஊழியர்கள். மாவட்டத் தேர்தல் அதிகாரி ஆட்சியர்தான். அந்தக் காலத்துக்கு அவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருந்தாலும், ஆள் போதவில்லை என்றால் ஆள் தர வேண்டியது மாநிலம். வேலைப்பளு தாங்காமல் வருவாய்த்துறைச் சங்கங்கள் நவம்பர் நடுவில் புறக்கணிப்பு அறிவித்தன. கூடுதல் ஊழியர்களைக் கொடுங்கள் என்று டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. நீதிமன்றத்தில் திருத்தத்தை எதிர்ப்பது ஒரு வேலை. தெருவில் தன் மக்களின் பெயர் விழாமல் பார்ப்பது இன்னொரு வேலை. கம்பெனி வாசலில் இரவு ஒன்பது மணிக்கு மேசை போட்டுப் படிவம் நிரப்பித் தர மாநில அரசுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

மையத்தின் பக்கம் ஒரு பழைய ஓட்டை இன்னும் அடைக்கப்படாமல் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையின் 1949 விவாதத்திலேயே எச்.என். குன்சுரு அதைச் சுட்டினார்: மாகாணங்களிடமிருந்து எடுத்து ஓர் ஆணையத்திடம் கொடுக்கிறீர்கள், அந்த ஆணையரை நியமிப்பதோ பிரதமரின் ஆலோசனைப்படி. ஷிபன் லால் சக்சேனா இரு அவைகளின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் கேட்டார். நிர்வாகத்தின் கைக்குள் இருக்கும் ஒருவர் நியமிக்கப்படுவதைத் தடுக்க அரசமைப்பில் ஏதுமில்லை என்பதை அம்பேத்கரும் ஒப்புக்கொண்டார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவர் குழு என்று ஒரு வழி காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சர் ஒருவரை உட்கார வைத்தது. மூவரில் இருவர் ஆளுங்கட்சி. மாநிலங்களுக்கு இடமே இல்லை. மாநில அரசின் பாரபட்சத்திலிருந்து காப்பதற்காக உயர்த்தி வைத்த அதிகாரத்தை ஒன்றிய அரசின் பிடிக்குள் கொண்டுபோனால், காவல் என்ற வாதமே அடியோடு ஆட்டம் காண்கிறது.

என் தீர்ப்பு இது. பட்டியல் விதிகளை மாநிலத்துக்கு மாற்றக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலை நேரத்துக்கு நடத்தாத மாநில அரசுகளும், வெளியூர்த் தொழிலாளியின் ஓட்டை ஆபத்தாகப் பார்க்கும் கட்சிகளும் அந்த அதிகாரத்தைக் கேட்கும் தகுதியை இன்னும் சம்பாதிக்கவில்லை. ஆனால் 2025 திருத்தம், அந்த அதிகாரம் தரப்பட்ட நோக்கத்துக்கே எதிராக நடந்தது. சட்ட வரம்பு என்ற அளவுகோலிலும் அது தோற்கிறது என்றே நான் மதிப்பிடுகிறேன். நாடாளுமன்றம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். எந்த வகைத் திருத்தமாக இருந்தாலும், பட்டியலில் உள்ள பெயர் நோட்டீசும் விசாரணையும் இல்லாமல் விடுபடக் கூடாது என்று 21 ஆம் பிரிவிலேயே எழுத வேண்டும். உள்நாட்டில் பெயர்ந்த தொழிலாளி, வேலை செய்யும் ஊரையோ சொந்த ஊரையோ தானே தேர்ந்தெடுத்து, ஓர் உறுதிமொழியில் பதிவு செய்துகொள்ள 20 ஆம் பிரிவில் இடம் தர வேண்டும். ஆணையர் நியமனக் குழுவில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கக் கூடாது. அதில் மாநிலங்களின் குரலும் வேண்டும். உள்ளாட்சிக்கும் சேர்த்து ஒரே பட்டியல் என்று 2024 மார்ச்சில் ஒரே நேரத் தேர்தலை ஆராய்ந்த கோவிந்த் குழு பரிந்துரைத்ததை, இவை நடக்கும் வரை ஏற்கக் கூடாது. தமிழக உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்போதே சட்டமன்றப் பட்டியல்தான் அடிப்படை. அதில் விழுந்த பெயர் வார்டுத் தேர்தலிலும் விழும்.

திருப்பூர் மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அந்தத் தேதிக்குள் தேர்தல் நடத்த வேண்டிய பொறுப்பு முழுக்க மாநிலத்தின் கையில் இருக்கிறது, டெல்லியின் கையில் இல்லை. அதற்கு முன் 60 வார்டுகளிலும் லைன் வீடு லைன் வீடாக இரவு நேரத்தில் போய், விடுபட்டவர்களிடம் படிவம் 6 வாங்கும் வேலையைத் தமிழக அரசும் ஆணையமும் சேர்ந்து தொடங்க வேண்டும்.